எடைமேடைப் பெட்டி கேட்ட கேள்வி

வடக்குத்தாழையில் கரண்ட் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், போன கரண்ட் திரும்பி வந்தால்தான் ஊரே நின்றுபோகும். உப்பளத்துக்குப் போகும் சாலையின் முனையில் எடைமேடை இருந்தது, எடைமேடையை ஒட்டி தகரக்கூரை போட்ட ஓர் அறை இருந்தது, அந்த அறையில் பழுப்பேறிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கரண்ட் வந்ததும் அது தானாக எழும். தன் பேரைத் தானே சொல்லிக்கொள்ளும், தன் நினைவு முழுதாக இருக்கிறதா என்று ஒன்றிலிருந்து எண்ணிப் பார்க்கும், விசைப்பலகையின் மூன்று விளக்குகளையும் ஒருமுறை மினுக்கிப் பார்க்கும், பிறகு எப்போதோ கழற்றிப் போட்டுவிட்ட பிளாப்பி டிரைவைக் கூப்பிடும். பதில் வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், பிளாப்பி டிரைவைக் காணவில்லை, தொடர வேண்டுமானால் எஃப் ஒன் விசையை அழுத்தவும் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு நின்றுகொள்ளும். அது நின்றதும் ஊரும் நின்றுகொள்ளும்.

நின்றுகொள்ளும் என்றால் ஆட்கள் சிலையாகிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், அதெல்லாம் சினிமாவில். இங்கே நடக்கலாம், பேசலாம், படுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டலாம், ஆனால் எதுவும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகாது. அடுப்பில் பால் நுரை கட்டும், பொங்காது. உலை கொதித்துக்கொண்டே இருக்கும், அரிசி வேகாது. வெயில் உச்சிக்கு வராது, சாயவும் சாயாது. பாத்தியில் உப்பு பூக்காது, வண்டி இன்ஜின் பிடிக்காது, காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் ஏறவோ இறங்கவோ செய்யாது. தங்கபுஷ்பம் போய் அந்த விசையை அழுத்தினால்தான் பால் பொங்கும்.

அது ஏன் தங்கபுஷ்பம்தான் அழுத்த வேண்டும் என்றால், டிரைவைப் பிடுங்கியவள் அவள்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எடைமேடைக்குச் சொந்தக்காரரான பால்துரை அண்ணாச்சியிடம் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த பிளாப்பி டிரைவ் போடுகிற தட்டையெல்லாம் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. போனில் கேட்டபோது தூத்துக்குடி மெக்கானிக், ‘பின்னாடி பட்டையா ஒரு வயர் போகும், அதப் புடுங்கிப் போடுங்க, அடுத்த வாரம் வந்து உள்ள செட்டிங்க மாத்தித் தாரேன்’ என்றான். அவள் பிடுங்கினாள். மெக்கானிக் வரவில்லை. பெட்டிக்கு யாரும் சொல்லவில்லையே, அது பாட்டுக்கு அன்றிலிருந்து இல்லாத டிரைவைத் தேட ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் எல்லாரும் அழுத்திப் பார்த்தார்கள். பால்துரை அண்ணாச்சி அழுத்தினார், பஞ்சாயத்துத் தலைவர் மாலையைக் கழற்றிவிட்டு வந்து அழுத்தினார், சாமியாடி விபூதி போட்டுவிட்டு அழுத்தினார். பெட்டி நீளமாக ஒருமுறை கூவிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டது. தங்கபுஷ்பம் அழுத்தினால் மட்டும் ‘சரி’ என்பதுபோல் குட்டியாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மேலே போனது. பிடுங்கினவளே பதில் சொல்லட்டும் என்று பெட்டி நினைப்பது நியாயம்தானே என்று ஊர் கூடிப் பேசி முடித்துக்கொண்டது. அண்ணாச்சி கரண்ட் போனாலும் அணையாதிருக்க ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தார். அது எட்டு மாதத்தில் உயிரை விட்டது, அடுத்ததை அவர் வாங்கவில்லை.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது இந்த ஊர், உப்புத்தண்ணீருக்கே பழகிய ஊர்தானே. உப்பளத்து ஆட்களுக்கு இப்படி நிற்பது பிடித்துக்கூடப் போனது. கால் வெடிப்பில் உப்பு ஏறி ஏறி ரணமானவர்களுக்கு, முதலாளி கேட்க முடியாத ஓய்வு வேறெங்கே கிடைக்கும்? கரண்ட் வந்த சத்தம் கேட்டதும் உப்பு வாருகிற வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் வரிசையாகச் சாய்ந்துகொள்வார்கள். பரீட்சைக்குப் படிக்காதவர்கள் அப்போது படித்தார்கள், கோபித்துக்கொண்டு பேசாமலிருந்த தம்பதிகள் வேறு வேலை இல்லாததால் பேசிக்கொண்டார்கள், பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, கொடுத்த காப்பி ஆறாமலே குடித்து, மூன்று தலைமுறை சொந்தத்தையும் விசாரித்து முடித்துவிட்டுப் போனார்கள். ‘மெதுவா நடந்து போ புஷ்பம், ஒண்ணும் அவசரமில்ல’ என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். அடுத்த வீட்டில், ‘யக்கா, அடுப்புல பருப்பு கெடக்கு, ஓடுக்கா’ என்பார்கள். ஒருத்தர்கூட, உனக்குக் கால் வலிக்கிறதா என்று கேட்டதில்லை. எல்லாருக்கும் கிடைத்த அந்த ஓய்வில் தங்கபுஷ்பத்துக்குப் பங்கில்லை. அந்த நேரத்தில்தானே அவள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து போக வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கோ எழவுக்கோ வெளியூர் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை. மகள் சந்திராவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தபோதுகூட, மறுவீட்டுச் சாப்பாட்டில் பாதி இலையில் எழுந்து பஸ் ஏறி வந்தவள்தான்.

வருஷத்துக்கொரு முறை எடைமேடையைச் சரிபார்க்க வரும் ஜெயசிங் என்கிற மெக்கானிக், முன்னால் வராமல்போன மெக்கானிக்கின் மாப்பிள்ளை. தலை நரைத்த மனுஷன், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பலகையில் கால்களோடு பூச்சிபோல் உட்கார்ந்திருந்த சின்னக் கறுப்புச் சில்லைக் காட்டி ஒருமுறை சொன்னார்:

“இதுக்குள்ள இருக்கதுதாம்மா முதல்ல எந்திரிக்கும். எந்திரிச்சு எல்லாரையும் எழுப்பி, யார் யாரு இருக்கா, யார் யாரு இல்லன்னு பாத்து, வேலைய விண்டோஸ்கிட்ட குடுத்துட்டு ஒதுங்கிரும். இதோட பாட்டன் காலத்துல டேப் ரெக்கார்டர்லருந்துகூட புரோகிராம் ஏத்துவாங்களாம். பலகை மாறுச்சு, கம்பெனி மாறுச்சு, ஆனா ஒவ்வொரு புதுசும் பழசு சொன்னதயே மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டு வந்துது, எப்பவாவது பழைய ஆளு ஒருத்தன் வந்து கதவத் தட்டிருவானோன்னு.”

“இப்பமும் அப்படித்தானா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“இப்ப வேற இனம் வந்தாச்சு. படம்லாம் காட்டும், மவுஸ் ஓடும். அதுல பழசுக்குன்னு கொஞ்ச நாள் ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருந்தாங்க. இப்போ அதயும் பூட்டிட்டாங்க. இனிமே பிளாப்பின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது.”

“அப்ப தேடாது.”

“எதுக்குத் தேடும்? தெரியாதத யாரு தேடுவா?”

அப்படியானால் புதிதாக ஒன்று வாங்கிப் போடலாமே என்றால், எடைமேடையிலிருந்து வரும் வயரைச் சொருகுகிற நீளமான அட்டைக்குப் புதுப் பலகைகளில் இடமே இல்லை, மேடையையே மாற்ற வேண்டும் என்றார். அண்ணாச்சி அதைக் கேட்காத மாதிரி வெளியே போய்விட்டார். பெட்டிக்குள் செட்டிங்கை மறக்காமல் வைத்திருக்கும் குட்டி பேட்டரியை மாற்றி, உள்ளே போய் டிரைவ் இல்லை என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும் என்றும் ஜெயசிங் சொன்னார். அன்றைக்கு அளத்து ஆட்கள் நாற்பது பேர் அறை வாசலில் வந்து நின்றார்கள். ஓய்வு போய்விடுமே என்று சும்மா நின்றார்கள். ஜெயசிங் தகட்டை மூடித் திருகாணியை முடுக்கிவிட்டுப் போனார். தங்கபுஷ்பத்துக்கு அழுகையாக வந்தது. அவர்களுடைய வெடித்த கால்களைப் பார்த்தாள். பிறகு அழவில்லை.

இப்படியிருக்கையில் அவள் புருஷன் சேர்மத்துரைக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றன. உப்பு லாரி ஓட்டியவர், ஸ்டியரிங்கைப் பிடித்த கையை விட்டதே இல்லை என்று பேர் வாங்கியவர். ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் டாக்டர், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்றோ நாளையோ என்று அனுப்பிவிட்டார். திருப்பூரிலிருந்து சந்திரா கிளம்பினாள். ‘சந்திரா வந்துட்டாளா?’ என்று அவர் கேட்டுக்கொண்டே கிடந்தார், வேறெதுவும் கேட்கவில்லை. மூச்சு படியேறுகிற மாதிரி ஏறி, ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்தது.

காலை பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது. ஐந்து நிமிஷத்தில் வந்தது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டு நின்றது. அடுத்த படிக்கு ஏறப்போன சேர்மத்துரையின் மூச்சும் அதே படியில் நின்று, ஏறாமல் இறங்காமல், ஒரே மாதிரி வரத் தொடங்கியது.

தங்கபுஷ்பம் பழக்கத்தில் எழுந்தாள், செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். பிறகு அவளுக்கு விளங்கியது. காலை வெளியே எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு யாரும் அவளைத் தேடி வரவில்லை. பருப்பு வைத்திருந்தவர்கள் அடுப்பை அணைத்தார்கள். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஊர் அவளிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தது. எப்போது அழுத்தினாலும் சரி, அழுத்தாமலே போனாலும் சரி என்று எல்லாரும் ஆளுக்கொரு நிழலைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள். பால்துரை அண்ணாச்சி மட்டும் தெருமுனை வரை வந்தார். பக்கத்து வீட்டு எசக்கியம்மாள் குறுக்கே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் திரும்பிப் போனார். யாருக்கும் பசி இல்லை, ஏனென்றால் பசியும் ஏறவில்லை. அதே பதினொன்று இருபத்தைந்து வெயிலில் ஊர் ஒருமுறை தூங்கி எழுந்தது, இரண்டாம் முறை தூங்கி எழுந்தது, மூன்றாம் முறை தூங்கப் பிடிக்காமல் சும்மா கிடந்தது. ஓய்வும் அளவு தாண்டினால் அலுப்புத்தான் என்று வரப்பில் கிடந்தவர்களுக்குத் தோன்றியது. ஆனாலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தங்கபுஷ்பம் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை வருஷமாயிற்று இப்படி உட்கார்ந்து! சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு, அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சந்திரா போன் செய்தாள்.

“எம்மா, மினிபஸ் ஏறிட்டேன். பாலம் தாண்டியாச்சு. ஒரு ரெட்டைப் பனை வருது, தாண்டுதோம், மறுபடியும் அதே ரெட்டைப் பனை வருது. ஓடிக்கிட்டேதான் இருக்கு, ஊரு வரமாட்டேங்குது. எத்தன தடவன்னு எண்ணுறத விட்டுட்டேன்.”

“ஏளா, வண்டில தண்ணி இருக்கா?”

“தாகமே எடுக்கலம்மா. எம்மா, நீ இன்னும் அழுத்தலியா?”

தங்கபுஷ்பம் கட்டிலைப் பார்த்தாள். அழுத்தவில்லை என்றால் மகள் வரப்போவதில்லை, அழுத்தினால் அவள் வருவதற்குள் இவர் இருப்பாரா தெரியாது.

“அப்பா எப்படி இருக்கு?”

“அப்படியே இருக்கு.”

சந்திராவுக்குப் புரிந்தது. “ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப அழுத்தும்மா. நான் பனமரத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றாள்.

சேர்மத்துரை கண்ணைத் திறந்தார்.

“ஏட்டி புஷ்பம், கரண்ட் வந்துட்டா?”

“வந்துட்டு.”

“எம்புட்டு நேரமாச்சு?”

“இப்பதான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “லாரிக்காரன்ட்ட நேரத்துல பொய் சொல்லுத பாத்தியா. வலி அப்படியே நிக்கு புள்ள. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ரோட்டோரம் வண்டிய நிப்பாட்டிட்டு இன்ஜின ஆஃப் பண்ணாமப் போட்ட மாதிரி இருக்கு. போவவும் விடாம, அணைக்கவும் விடாம.”

“சந்திரா பாலம் தாண்டிட்டா.”

“அப்ப போய் அழுத்து. பத்து நிமிசம். பத்து நிமிசம் நான் வண்டிய ஓட்டிருவேன்.”

“நான் போனா யாரு உங்க பக்கத்துல இருக்கா?”

“எசக்கி இருக்கா. நீ அழுத்திட்டு ஓடியாந்திரு.”

அவள் அவர் கையைக் கட்டிலில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, அவருடையதையல்ல, தன்னுடையதை.

எடைமேடைக்குப் போகிற வழியெங்கும் ஆட்கள் படுத்திருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்க அவர்களுக்குத் தைரியமில்லை, அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்களில் ஒன்று வீங்கியிருப்பதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

அறைக்குள் பெட்டி அதே கேள்வியோடு காத்திருந்தது. நாலு தூக்கம் போட்டாலும் நாற்பது தூக்கம் போட்டாலும் அது காத்திருக்கும், அதற்கு வேறு வேலையா இருக்கிறது. எழுத்து தேய்ந்து மொட்டையாகிப்போன விசையைத் தங்கபுஷ்பம் அழுத்தினாள். குட்டிச் சத்தம் கேட்டது. வெளியே ஒரே நேரத்தில் முப்பது வீட்டில் பால் பொங்கியது, லாரிகள் உறுமின, நாய்கள் என்னவென்று தெரியாமல் குரைத்தன, எங்கோ மினிபஸ் ரெட்டைப் பனையைத் தாண்டி அடுத்த மரத்துக்கு வந்தது.

அப்போதே அவள் எழுந்து ஓடியிருக்கலாம். ஊர் ஓடுவதற்கு அந்த ஒரு விசை போதும். அதற்குப் பிறகு விண்டோஸ் வந்து, எடை புரோகிராம் திறந்து, பச்சை எழுத்தில் பூஜ்யம் காட்டுவதற்கு நாலு நிமிஷம் ஆகும், அது லாரி நிறுப்பதற்கு மட்டும்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பூஜ்யம் வரும்வரை உட்கார்ந்தே பழகிய உடம்பு உட்கார்ந்திருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் நினைக்காமல், களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பூஜ்யம் வந்தது. மேடையில் ஏறி நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் கை தானாகப் போய் வெறும் வண்டி எடையைப் பதிந்து, சீட்டைக் கிழித்து, ஜன்னல் வழியாக நீட்டியது. சீட்டை வாங்கிய டிரைவர், “யக்கா, சேர்மத்துரை அண்ணன் எப்படி இருக்காரு?” என்றான்.

அப்போதுதான் அவள் எழுந்தாள்.

அவள் ஓடினாள், ஓட முடிந்த அளவுக்கு. தெரு திரும்பும்போதே சந்திராவின் சத்தம் கேட்டது. சந்திரா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, ‘எப்பா’ என்று கூப்பிட்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளை முழுதாகப் பார்த்து, ‘ஏளா, சாப்பிட்டியா’ என்று கேட்டு, பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்து, அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே போய்விட்டார். எசக்கியம்மாள் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“மூணு நிமிசம் புஷ்பம்,” என்றாள். “மூணு நிமிசத்துக்கு முன்னாடிதான்.”

தங்கபுஷ்பம் அதற்கு அழவில்லை. நாலு நிமிஷம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பதினாறாம் நாள் முடிந்து அவள் வேலைக்கு வந்த காலையில் ஜெயசிங் வந்திருந்தார். அண்ணாச்சி வரச்சொல்லியிருந்தார். வாசலில் அளத்து ஆட்கள் நின்றார்கள். இந்தமுறை அவர்கள் வந்தது வேறு விஷயத்துக்கு. அவர்களில் மூத்த பெண் முன்னால் வந்து, “மதினி, எங்களுக்கு ஓய்வு வேண்டாம். நீங்க படுறது போதும். அத மாத்தச் சொல்லுங்க,” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயசிங் சட்டைப்பையிலிருந்து காசு மாதிரி வட்டமான புது பேட்டரியை எடுத்துக் காட்டினார். “ரெண்டு நிமிச வேலைம்மா. இதப் போட்டு, உள்ள போய், அந்த டிரைவ் கெடயாதுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. இனிமே அது தேடாது. நீங்க வரவும் வேண்டாம். கரண்ட் வந்தா அது பாட்டுக்கு எந்திரிச்சு அது பாட்டுக்குப் போயிரும்.”

அன்று காலையும் கரண்ட் போய் வந்திருந்தது, தங்கபுஷ்பம் திரையைப் பார்த்தாள். காணவில்லை, தொடரலாமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் போன ஒன்றை இன்னும் தேடுகிறதே, இதற்கு மண்டையில் ஒன்றுமே இல்லையா என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அன்றைக்குக் காலையில் எழுந்ததும் அவள் இரண்டு தம்ளரில் காப்பி ஆற்றியிருந்தாள்.

“இருக்கட்டும் ஜெயசிங்,” என்றாள்.

“எம்மா...”

“கெடயாதுன்னு எழுதிட்டா அது நம்பிரும்லா. அப்புறம் கேக்கவே கேக்காது. வேண்டாம். அது தினமும் தேடட்டும். இல்லன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

ஜெயசிங் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வெயில் ஒரே இடத்தில் நின்றது.

தங்கபுஷ்பம் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, “இல்ல,” என்று பெட்டியிடம் சொல்லி, மொட்டை விசையை அழுத்தினாள். பிறகு, மேடையில் லாரிக்காரன் ஹாரன் மேல் ஹாரனாக அடித்துக்கொண்டிருக்க, பூஜ்யம் வரும்வரை நிற்காமல் வெளியே வந்து வீட்டைப் பார்த்து நடந்தாள்.